பாட்டுக்குப் படம் பிடிக்கும் பிள்ளைகள்



ஒரு நாள் பள்ளி விட்ட நேரத்தில் ஒரு தந்தை எங்களைத் தேடி வந்தார். "சார், என் மகன் ராத்திரி பத்து மணி வரைக்கும் கைபேசியும் தாளுமா உட்கார்ந்திருக்கான். கேட்டா, பாட்டுக்குப் படம் எடுக்கப் போறோம்கிறான். பரீட்சை வருது. இதெல்லாம் படிப்புல சேர்த்தியா?" என்று கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை, கவலைதான் இருந்தது. அன்று அவருக்குச் சொன்ன பதிலையே இன்று உங்களுக்கும் சற்று விரிவாகச் சொல்ல வந்திருக்கிறோம்.

பினாங்குத் தீவின் மேற்குப் பக்கத்தில், மலைக்கு அப்பால் இருப்பது எங்கள் பாலிக் புலாவ். அந்த மலாய்ப் பெயருக்குப் பொருளே தீவின் பின்புறம் என்பதுதான். ஜாதிக்காயும் கிராம்பும் டுரியானும் ரப்பரும் விளைந்த மண் இது. எங்களிடம் படித்து இடைநிலைப் பள்ளிக்குச் சென்ற நான்கு பிள்ளைகள் ஓர் இசைக்குழு வைத்திருக்கிறார்கள். ஒருவன் கித்தார் வாசிப்பான். ஒருவன் உறுமி அடிப்பான். மற்ற இருவரும் பாடுவார்கள். எந்த நிறுவனத்தையும் சாராமல், தாமே எழுதி, தாமே மெட்டமைத்து ஒரு பாட்டைப் பதிவு செய்தார்கள். அதற்குப் படம் பிடித்துக் கொடுக்க இன்னும் ஆறு மாணவர்கள் சேர்ந்தார்கள்.

அவர்கள் முதலில் போட்ட திட்டத்தைக் கேளுங்கள். ஜார்ஜ்டவுன் கடற்கரையில் வாடகைக் கார், கறுப்புக் கண்ணாடி, புதுச் சட்டை! செலவைக் கூட்டிப் பார்த்தால் எழுநூறு வெள்ளி ஆயிற்று. கையில் இருந்ததோ தொண்ணூறு வெள்ளி. முகம் வாடி எங்களிடம் வந்தார்கள். நாங்கள் கேட்டது ஒரே கேள்வி: "உங்கள் பாட்டு யாரைப் பற்றியது?" பாட்டுக் குழுப் பையன் மெதுவாகச் சொன்னான், "எங்கப் பாட்டியப் பத்தி, சார். பால்மரம் வெட்டுன கதை." அப்படியானால் கார் எதற்கு? படம் பிடிக்க வேண்டிய இடம் வீட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறதே!

இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. 2021ஆம் ஆண்டு மார்ச் மாதம் 'எஞ்சாயி எஞ்சாமி' என்ற பாட்டு வெளிவந்தது. அது சினிமாப் பாட்டன்று. பாடகி தீயும் பாடகர் அறிவும் பாடினார்கள். சந்தோஷ் நாராயணன் இசையில் வந்தது. அமித் கிருஷ்ணன் படமாக்கினார். அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுப் பின்னர் தமிழ்நாடு திரும்பியவர். அவர் நினைவே அந்தப் பாட்டின் வேர். படத்திலும் அந்த மூதாட்டியே தோன்றுகிறார். 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி, இலங்கைத் தோட்டங்களில் குடியுரிமையற்றிருந்த நம் மக்களில் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அத்தகைய மக்களுள் ஒருவருடைய கதையைத்தான் உலகெங்கும் பல கோடி முறை பார்த்தார்கள், கேட்டார்கள். தோட்டத்துப் பாட்டியின் கதைக்கு மதிப்பில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

சரி, திட்டமிடுவது எப்படி? முதல் வேலை கணக்கு. பிள்ளைகளின் பாட்டு மூன்றரை நிமிடம். அதாவது 210 வினாடி. ஒரு காட்சித் துண்டு ஏழு வினாடி நின்றால் 30 துண்டுகள் வேண்டும். ஒவ்வொன்றையும் ஒழுங்குபடுத்தி இரண்டு மூன்று தடவை எடுக்கப் பன்னிரண்டு நிமிடம் ஆகும் என்று வையுங்கள். 360 நிமிடம், ஆறு மணி நேரம். காலையில் மூன்று, மாலையில் மூன்று என்று பிரித்தால் ஒரே நாளில் முடித்துவிடலாம். பிள்ளைகள் முதலில் எண்பது துண்டுகள் எழுதியிருந்தார்கள். அதற்குப் பதினாறு மணி நேரம் ஆகும் என்று அவர்களே பெருக்கிப் பார்த்து வேண்டாதவற்றை அடித்தார்கள். வகுப்பில் வராத கணக்கு அன்று வந்தது!

இரண்டாவது, வெளிச்சம். உச்சி வெயிலில் எடுத்தால் கண்ணுக்குக் கீழே கறுப்பு நிழல் விழும். சூரியன் எழுந்த பின் ஒரு மணி நேரமும் மறைவதற்கு முன் ஒரு மணி நேரமும்தான் முகம் அழகாகத் தெரியும். முகம் காட்டும் துண்டுகளை அந்த நேரத்துக்கும், மற்றவற்றை நிழலான இடத்துக்கும் ஒதுக்க வேண்டும். பால்மரம் வெட்டுவதோ விடியுமுன் நடக்கும் வேலை. வெயில் ஏறுமுன் மரத்தின் உள்ளே நீரழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்றாக ஒழுகும். இதை உங்களுக்கு நாங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. நண்பகலில் வெட்டுவதாக எழுதியிருந்தார்கள். தலைவிளக்கு ஒளியில் இருட்டில் ஒரு துண்டு, விடிந்த பின் மற்றவை என்று மாற்றினோம். மரம் நனைந்திருந்தால் வெட்ட முடியாது. ஆகவே மழை வந்தால் எந்த நாள் என்பதையும் முன்னதாகவே குறித்துக்கொண்டோம்.

மூன்றாவது, பாட்டும் வாயசைவும். 1931இல் 'காளிதாஸ்' வந்த காலத்தில் நடிப்பவரே படம் பிடிக்கும்போது பாட வேண்டும். இன்று பதிவு செய்த பாட்டை ஒலிபெருக்கியில் ஓட விட்டு, பாடுபவர் கூடவே வாய்விட்டுப் பாடுகிறார். ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் ஒருவர் படப்பெட்டிக்கு முன்னால் பலமாக ஒரு கைதட்டினால் போதும். ஒலியையும் படத்தையும் பின்னர் பொருத்துவதற்கு அது அடையாளம். கைபேசியைப் படுக்கை வாட்டத்தில் பிடிப்பதும், முதல் நாளே அதில் இடம் ஒழித்து வைப்பதும் சின்ன வேலைகள். மறந்தால் அந்த நாளே வீண்.

நான்காவது, அனுமதி. தோட்டம் தனியார் நிலம். நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்க வேண்டும். படத்தில் தோன்றுபவரிடமும் கேட்க வேண்டும். பிள்ளைகள் பாட்டியைப் பார்க்கப் போனபோது நாங்களும் கூடப் போனோம். மங்கைக் கையில் வைத்துக்கொண்டு மரத்தடியில் பாட்டி அழுவதாக ஒரு துண்டு எழுதியிருந்தார்கள். பேரன் அதைப் படித்துக் காட்டினான். பாட்டி வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு, "நான் அழுதுகிட்டு மரம் வெட்டலப்பா. பாடிக்கிட்டு வெட்டுனேன். அழுவ வேணும்னா வேற ஆளப் பாரு" என்றார். பேரன் ஒன்றும் பேசாமல் அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைத்தான். பிறகு, "எப்படி வெட்டுவீங்க பாட்டி, காட்டுங்க" என்றான். பாட்டி எழுந்து நின்று கத்தி பிடிக்கும் வகையைக் காட்டினார். திட்டத்தில் அன்று நான்கு துண்டுகள் மாறின. நான்கும் முன்னதைவிட நல்லவை.

ஐந்தாவதுதான் நாங்கள் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. அது பெயர். பாட்டெழுதியவர் யார், மெட்டு யாருடையது, வாசித்தவர், பாடியவர், படம் பிடித்தவர், வெட்டி ஒட்டியவர் யார் யார், பணம் வந்தால் பங்கு எவ்வளவு, இவ்வளவையும் படம் பிடிப்பதற்கு முன்பே ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையொப்பமிட வேண்டும்.

முன்பு சொன்னோமே, அந்தப் புகழ்பெற்ற பாட்டு, அதிலும் யார் எதைச் செய்தார் என்பது பற்றி 2022இல் அதைச் செய்தவர்களிடையே வெளிப்படையாகக் கருத்து வேற்றுமை எழுந்தது. 2024இல் அதன் இசையமைப்பாளர், வருவாயாகத் தமக்கு ஒரு காசும் வரவில்லை என்று சொன்னார். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. அத்தனை பெரியவர்களுக்கே அந்த நிலை என்றால், நம் பிள்ளைகள் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்!

எங்கள் பிழையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் பள்ளி விழாவுக்கு ஒரு பாட்டைப் படமாக்கினோம். சொற்களை எழுதியவன் லயன் வீட்டிலிருந்து வந்த, அதிகம் பேசாத ஒரு பையன். கடைசியில் பெயர்கள் ஓடியபோது அவன் பெயர் இல்லை. வேண்டுமென்று செய்ததன்று, எழுதி வைக்காததால் விட்டுப்போயிற்று. அவன் தாயார் வேலைக்கு விடுப்பெடுத்து வந்து முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்ல சார்" என்றான். அதன் பிறகு அவன் எங்களிடம் ஒரு பாட்டும் எழுதிக் கொடுக்கவில்லை.

நம் முன்னோர் வெட்டிய மரங்களில் அவர்கள் பெயர் இல்லை. பெரட்டில் பெயர் கூப்பிட்டதோடு சரி. பிள்ளைகள் காலத்திலாவது, உழைத்தவர் பெயர் உழைப்பின் மேல் இருக்க வேண்டும். நம் நாட்டின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் இதற்குத் துணை நிற்கிறது. சொந்தமாக எழுதிய பாட்டைத் தாளிலோ ஒலிப்பதிவிலோ இட்டுவிட்டால், பதிவு செய்யாவிட்டாலும் எழுதியவருக்கு உரிமை உண்டு. ஆனால் தாமே எழுதியது என்று காட்டத் தேதியிட்ட தாள் ஒன்று கையில் இருப்பது நல்லது.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை பாட்டுக்குப் படம் எடுக்கப் போவதாகச் சொன்னால் உடனே தடுக்காதீர்கள். உடனே தலையாட்டவும் வேண்டாம். மூன்று தாள்களைக் கேளுங்கள். துண்டுகளின் கணக்கும் நேரமும் ஒரு தாளில். செலவும் அனுமதியும் ஒரு தாளில். பெயர்கள் ஒரு தாளில். மூன்றும் இருந்தால் அது படிப்புத்தான். படிக்கத் தெரியாதவர்கள், பிள்ளையை உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். தவறிருந்தால் அந்தப் பாட்டியைப் போலத் திருத்துங்கள்.

எங்களைத் தேடி வந்த அந்தத் தந்தைக்கும் மகன் பெயர்த்தாளைக் காட்டினான். அதில் பதினோராவது பெயராகப் பாட்டியின் பெயர் இருந்தது. அதற்கு நேராக, 'கத்தி பிடிக்கக் கற்றுக் கொடுத்தவர்' என்று எழுதியிருந்தார்கள். அவர் தாளை இரண்டு முறை பார்த்துவிட்டு, "படம் பிடிக்கிற அன்னிக்கு விடியக்காலையில நானும் வர்றேன், இருட்டுல தலைவிளக்கு பிடிக்க ஆள் வேணுமில்ல" என்றார்.

அவர் பெயரும் இப்போது தாளில் சேர்ந்திருக்கிறது.