மருந்துச் சீட்டு எழுதும் முன் ஒரு வார்த்தை
(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



"நான் டாக்டர் இல்லையே, நோயைப் பற்றி என்ன பேசுவது?" என்று செயலாளரிடம் கேட்டேன். "வீட்டில் பட்டதைச் சொல்லுங்கள், போதும்" என்றார்.

என் மனைவிக்கு மயஸ்தீனியா கிராவிஸ். நரம்பு தசைக்கு அனுப்பும் கட்டளையை, நம் உடலின் எதிர்ப்புச் சக்தியே தடுத்துவிடும் நோய். காலையில் நன்றாக இருப்பார். சாயங்காலம் இமை தொங்கும், எதிரில் இருப்பது இரண்டாகத் தெரியும், பாதிச் சாப்பாட்டில் தாடை ஓய்ந்துவிடும். நாங்கள் டாக்டரைப் பார்த்ததெல்லாம் காலையில். "அசதி, மனக்கவலை" என்றே ஒன்றரை வருடம் போனது. கடைசியில் ஒரு கண் டாக்டர், அண்ணாந்து பார்க்கச் சொல்லி ஒரு நிமிடம் பொறுத்திருந்தார். இமை மெல்ல இறங்கியது. ரத்தப் பரிசோதனை அதை உறுதி செய்தது.

டாக்டர்களைக் குறை சொல்லவில்லை. லட்சத்தில் சிலருக்கே வரும் நோய். பலர் பாடத்தில் படித்ததோடு சரி. இதற்கு வழி காட்டியவரும் பெரிய பேராசிரியர் அல்ல. 1934-ல் லண்டன் கிரீனிச்சில் ஒரு மருத்துவமனையில் இளநிலை டாக்டராக இருந்த மேரி வாக்கர். இதன் அறிகுறிகள் கியூரேர் என்ற விஷத்தின் விளைவைப் போலிருப்பதைக் கவனித்து, அதன் முறிவு மருந்தையே கொடுத்துப் பார்த்தார். என் மனைவி இன்று சாப்பிடும் பிரிடோஸ்டிக்மின் அந்த வழியில் வந்ததுதான்.

ஆனால் தெரியாமை ஆபத்தாகவும் முடியும். போன வருடம் சிறுநீர்த் தொற்றுக்கு ஓரிடத்தில் சிப்ரோஃப்ளாக்சசின் எழுதினார்கள். நாங்களும் நோயின் பெயரைச் சொல்லவில்லை. இரண்டாம் நாள் தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை, மூச்சு வாங்கியது. ஐந்து நாள் ஐ.சி.யு.வில் இருந்தார். அசித்ரோமைசின், ஜென்டமைசின், மெக்னீசியம் ஊசி போன்றவையும் இந்த நோயைக் கூட்டக்கூடியவை.

அதனால் உங்களிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். உங்கள் வீட்டில் யாருக்காவது அபூர்வ நோய் இருந்தால், அதன் பெயரையும் தவிர்க்க வேண்டிய மருந்துகளையும் ஒரு அட்டையில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். பல் டாக்டர், மருந்துக்கடை, மயக்க மருந்து கொடுப்பவர் எல்லோரிடமும் முதலில் அதைக் காட்டுங்கள். வந்து வந்து போகும் தொந்தரவை செல்போனில் வீடியோ எடுங்கள். விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமென்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

இப்போது நாங்கள் போகும் டாக்டர் அட்டையைப் பார்த்ததும், "இதில் எனக்கு அனுபவமில்லை, நரம்பியல் டாக்டரிடம் கேட்டுவிட்டு எழுதுகிறேன்" என்றார். அன்றிலிருந்து அவர்தான் எங்கள் குடும்ப டாக்டர்.