கடற்பாசி நல்லது, சேர்ப்பதில் கவனம் தேவை



தீபாவளி, பிறந்தநாள், நோன்புப் பெருநாள் என எந்த விருந்திலும் அகார் அகார் இருக்கும். சிவப்புக் கடற்பாசிகளைக் காய்ச்சி எடுப்பது அது. மாட்டுத் தோல், எலும்பு போன்றவற்றிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் வேறு. ஆகவே சைவ உணவு உண்போரும் அகார் அகாரைச் சாப்பிடலாம்.

சபாவில் செம்பூர்ணா கடலிலும் ஒரு வகைச் சிவப்புக் கடற்பாசியைக் கயிற்றில் கட்டி வளர்க்கிறார்கள். ஏறக்குறைய 6 வாரங்களில் அறுவடை செய்து வெயிலில் காயவைப்பார்கள். இனத்தின் பெயர்தான் சிவப்பு. பச்சையாகவும் பழுப்பாகவும்கூட இருக்கும். அதை ஊறவைத்து, எலுமிச்சைச் சாறு, வெங்காயம், மிளகாய் சேர்த்துப் பச்சடிபோல் உண்பது அங்குள்ள வழக்கம்.

கடற்பாசியில் நார்ச்சத்து உண்டு, கலோரி குறைவு. போதிய தண்ணீரும் குடித்தால் மலம் இளகும். ஆனால் அது மருந்தல்ல. அதை நம்பி நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளை நிறுத்திவிடாதீர்கள்.

மூன்றைக் கவனியுங்கள்.

உப்பு: காய்ந்த கடற்பாசியில் கடல் உப்பு படிந்திருக்கும். நன்றாகக் கழுவி, சில மணி நேரம் ஊறவைத்து, தண்ணீரை மூன்று நான்கு முறை மாற்றுங்கள். ஒரு நாளுக்கு நமக்கு மொத்தமே 5 கிராமுக்குக் குறைவான உப்புதான், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு.

சீனி: அகார் அகார் இறுகுவதற்குச் சீனி தேவையில்லை. வழக்கமான அளவில் பாதி போடுங்கள். இனிப்புக்குப் பழத்துண்டுகள் சேருங்கள். தேங்காய்ப் பாலையும் குறையுங்கள்.

தொண்டை: ஜெலட்டின் வாயில் கரையும், அகார் அகார் கரையாது. அது உருக ஏறக்குறைய 85 பாகை வெப்பம் வேண்டும். மெல்லாமல் விழுங்கினால் வழுக்கிச் சென்று தொண்டையை அடைத்துவிடலாம். சிறு துண்டுகளாக வெட்டி, நிமிர்ந்து உட்கார்ந்து, மென்று சாப்பிடுங்கள். பக்கவாதத்திற்குப் பிறகு விழுங்கச் சிரமப்படுவோருக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். ஆசையாகக் கொடுப்பதே ஆபத்தாகிவிடக் கூடாது.

கடற்பாசியில் அயோடினும் உண்டு. தைராய்டு நோய் உள்ளவர்கள் அடிக்கடி சாப்பிடுவதற்கு முன் கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

விருந்தில் ஒரு சிறு துண்டு எடுத்து, மென்று, மகிழ்ச்சியாகச் சாப்பிடுங்கள்.