உமியைக் கரியாக்குவோம், மண்ணை மீட்போம்

(கமக்காரர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பட்ட உரை)



2021ஆம் ஆண்டை நாம் மறந்துவிட முடியாது. அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை வந்தது. நவம்பரில் அத்தடை நீங்கியது. இடைப்பட்ட மாதங்களில் வாடியது பயிர் மட்டுமன்று, உழுதவன் உள்ளமும் வாடியது. கப்பலில் வரும் பசளை மூடையை மட்டும் நம்பியிருக்கும் மண், பிறர் கையிற் சிக்கிய மண் என்ற பாடத்தை அன்று கற்றோம்.

ஆயின், நம் கையிலுள்ள செல்வத்தை நாம் என்ன செய்கிறோம்? நூறு கிலோ நெல்லைக் குற்றினால் ஏறத்தாழ இருபது கிலோ உமி கிடைக்கிறது. ஆலைகளின் பின்புறத்தே அது மலையெனக் குவிந்து கிடக்கிறது. பல இடங்களில் வீணே எரிந்து சாம்பராகிறது.

பிரேசில் நாட்டு அமேசன் காட்டை நோக்குங்கள். கடும் மழை சத்தைக் கழுவிச் சென்ற ஏழை மண்ணின் நடுவே, வளம் குன்றாத கருமண் திட்டுகள் உள்ளன. பழங்குடி மக்கள் கரியையும் எலும்பையும் குப்பையையும் இட்டு உருவாக்கிய மண் அது. ‘தெரா பிரெத்தா’ என்பர். விம் சொம்புரூக் என்னும் டச்சு மண்ணியலறிஞர் 1966இல் வெளியிட்ட நூலில் அதன் சிறப்பை எடுத்துரைத்தார்.

காரணம் யாது? பயிர் வளரும்போது வானிலுள்ள காபனீரொட்சைட்டை உட்கொள்கிறது. உமி எரிந்தாலும் உக்கினாலும் அக்காபனின் பெரும்பகுதி மீண்டும் வானேறுகிறது. ஒட்சிசனைக் குறைத்து வெப்பமேற்றினாலோ, அதிற் பாதியளவு கரியாக நிலைத்து, மண்ணில் நூற்றாண்டுக் கணக்கிலே தங்குகிறது. புவி வெப்பமடைவதைத் தடுக்கும் வழிகளில் ஒன்றாக உலக விஞ்ஞானிகள் இதனை ஏற்றுள்ளனர். கரியின் நுண்துளைகள் நீரையும் சத்தையும் பற்றி வைப்பதனால், மணற்பாங்கான நிலத்துக்கு அது பெருந்துணை.

செய்முறை எளிது. துளையிட்ட தகரக் குழாயொன்றை நிறுத்தி, அதனுள்ளே தீ மூட்டுங்கள். சுற்றிலும் உமியைக் குவியுங்கள். உமி கறுத்தவுடன் நீர் தெளித்து அணையுங்கள். தாமதித்தால் மிஞ்சுவது சாம்பரே!

இரண்டு எச்சரிக்கைகளையும் கூறுவோம். கரி பசளையன்று, பசளையைத் தாங்கும் பாத்திரம். வெறுங்கரியை இட்டால் அது மண்ணிலுள்ள நைதரசனையே பற்றிக்கொள்ளக் கூடும். ஆகவே சாணகத்தோடும் கூட்டெருவோடும் கலந்து, சில வாரம் ஊறவைத்தே இடுதல் வேண்டும். அடுத்து, கரி மண்ணின் காரத்தன்மையைக் கூட்டும். புளிப்பு மண்ணுக்கு அது மருந்து. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்துக்கோ சோதித்துப் பார்த்தே இடத்தக்கது. கரிக்காக மரத்தைத் தறிப்பதோ தற்கொலைக்கு ஒப்பாகும்.

எனவே, படித்த நண்பர்களே! மண்ணைச் சோதித்துச் சொல்லுங்கள். கமக்காரத் தோழர்களே! முதலில் ஒரு பாத்தியில் இட்டு, கரியிடாத பாத்தியோடு ஒப்பிடுங்கள். கண்டபின் நம்புங்கள். அறிவும் உழைப்பும் கைகோத்தால் நம் மண் பிறர் தயவில் வாழாது.