ஹாரியட் வீட்டுப் பெண்கள்



பட்டம் பெறும் உங்களில் பலர் தளவானூரிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் வந்து படித்தவர்கள். அந்த ஊர்க் குன்றைக் குடைந்து 7ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் எடுப்பித்த கோயில், சத்ருமல்லேசுவராலயம் என்று அவனுடைய பட்டப்பெயரையே தாங்கி நிற்கிறது. அரச குடும்பங்களின் கதை இப்படிக் கல்லிலேயே கிடைத்துவிடுகிறது. நான் பேச வந்தது வேறொரு குடும்பத்தின் கதை. அதன் முக்கியமான இரவு பக்கத்துத் திண்டிவனத்தில் நடந்தது.

1819 ஜூனில் பாஸ்டன் துறைமுகத்தில் கப்பல் ஏறினார் ஹாரியட் ஸ்கடர். கணவர் ஜான் ஸ்கடர் நியூயார்க்கில் பெயரெடுத்த மருத்துவர். கிறிஸ்தவ சமயப் பணிக்காகத் தொழிலை விட்டுப் புறப்பட்டவர். சின்னஞ்சிறு மகள் மரியா உடன் வந்தாள். கல்கத்தாவில் கரை இறங்கிய அந்த ஆண்டே குழந்தை இறந்துபோனது. அதற்குப் பிறகும் ஹாரியட் திரும்பிப் போகவில்லை. யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் குடும்பம் நடத்தினார். அங்கே பிறந்த பிள்ளைகளிலும் சிலர் தங்கவில்லை. 1836இல் சென்னைக்கு வந்தார்கள். 1849இல் அங்கேயே ஹாரியட் காலமானார்.

ஆசியாவுக்கு வந்த முதல் அமெரிக்க மருத்துவ மிஷனரி என்று ஜானை எல்லோரும் எழுதுகிறார்கள். ஹாரியட் பெரும்பாலும் ‘அவருடைய மனைவி’ என்று ஒரு வரியில் முடிந்துபோகிறார். எனக்கு இது நெடுநாள் வருத்தம். அவர் பெற்று வளர்த்த மகன்களில் ஏழு பேரும் மகள்கள் இருவரும் இந்தியாவிலேயே பணிக்கு வந்தார்கள். மூத்தவர் ஹென்றியும் தம்பிகளும் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். சைலஸ் 1866இல் ராணிப்பேட்டையில் மருத்துவமனை அமைத்தார். நான்கு தலைமுறைகளில் இந்தக் குடும்பத்தார் 40க்கும் மேற்பட்டோர் பணியாற்றிய காலத்தைக் கூட்டினால் ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டும்.

கடைசி மகன் ஜானின் மகள்தான் ஐடா. 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். பாட்டியைப் பார்த்ததே இல்லை. சிறு வயதிலேயே பஞ்சத்தையும் நோயையும் கண்டு, இந்த வாழ்க்கை நமக்கு வேண்டாம் என்று முடிவு கட்டியிருந்த பெண். அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்தவர், தாய்க்கு உடல்நிலை சரியில்லை என்று திண்டிவனம் வந்தார், கொஞ்ச நாளில் திரும்பிவிடும் எண்ணத்தோடு.

ஓர் இரவு கதவு தட்டப்பட்டது. பிராமணர் ஒருவர்; மனைவிக்குப் பிரசவ வலி, வந்து பார்க்க வேண்டும் என்றார். எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பாவைக் கூட்டிப் போங்கள் என்றார் ஐடா. ஆண் மருத்துவர் வரக்கூடாது என்று அவர் போய்விட்டார். அடுத்து ஓர் இஸ்லாமியர். அதன் பிறகு இன்னோர் இந்து. மூவருக்கும் அதே அவசரம், மூவரிடமும் அதே மறுப்பு. காலையில் விசாரித்தபோது மூன்று பெண்களுமே இறந்திருந்தார்கள். பக்கத்திலேயே மருத்துவர் இருந்தும் இறந்தார்கள் என்பதை நாம் நேராகச் சொல்லத்தான் வேண்டும். மானம் என்று பேசிய வழக்கத்துக்கு அந்தப் பெண்களின் உயிர் விலையாகப் போனது.

ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்தார். 1899இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பட்டம். 1900இன் தொடக்கத்தில் இந்தியா. வந்த சில மாதங்களிலேயே தந்தை இறந்தார். கூட இருந்து கற்றுக்கொடுக்க ஆளில்லாமல் வேலூரில் சின்ன அறை ஒன்றில் வைத்தியம் தொடங்கினார். இரண்டு ஆண்டுகளில் பார்த்த நோயாளிகள் சுமார் 5,000 பேர். 1902இல் மருத்துவமனை எழுந்தது. பிறகு வண்டி கட்டிக்கொண்டு கிராமங்களுக்குப் போய், சாலையோர மரநிழலில் மருந்து கொடுத்தார்.

அவர் செய்ததில் நான் தலையாயதாகக் கருதுவது 1918இல் பெண்களுக்காகத் தொடங்கிய மருத்துவப் பள்ளியை. தான் ஒருத்தி ஓடி ஓடிப் பார்த்தால் தீராது, இந்த மண்ணின் பெண்களே மருத்துவர்களாக வேண்டும் என்று அவர் கண்டுகொண்டார். அதுதான் இன்றைய வேலூர் சி.எம்.சி. என்னும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. ஆண்களுக்கு அங்கே இடம் கிடைத்தது 1947இல்தான். ஐடா மணம் செய்துகொள்ளவில்லை. அத்தையின் பெயரையே தாங்கிய அண்ணன் மகள் ஐடா பி. ஸ்கடர், கதிரியக்க மருத்துவராக அதே வேலூரில் வேலை பார்த்தார். ஆனால் ஐடாவின் வழித்தோன்றல்களை அந்த ஒருவரோடு நிறுத்த எனக்கு மனமில்லை. 1960இல் கொடைக்கானலில் அவர் மறைந்தபோது, அவர் தொடங்கிய வகுப்பறைகளிலிருந்து மருத்துவர்களும் செவிலியர்களும் நாடெங்கும் பரவியிருந்தார்கள்.

இத்தனை பெயர்கள் சொன்னேன். அந்த மூன்று பெண்களின் பெயரை மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை. ஐடாவின் கதை எத்தனையோ முறை எழுதப்பட்டிருக்கிறது. நான் படித்தவற்றில் அவர்கள் இன்னாரின் மனைவி என்றுகூட இல்லை. ஐடாவைத் திருப்பியவர்கள் அவர்கள்தான். அவர்களுக்கு மூத்த பிள்ளைகள் இருந்து, இன்று அவர்களின் கொள்ளுப்பேத்தி யாராவது இந்த அரங்கில் அமர்ந்திருந்தாலும் நமக்குத் தெரிய வழியில்லை.

ஆகவே உங்கள் கல்லூரி முதல்வரிடம் ஒன்று கேட்டேன், மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார். நூலகத்தில் ஒரு குறிப்பேடு வைக்கப்படும். பட்டம் பெறும் ஒவ்வொருவரும் அம்மா, அம்மாச்சி, அப்பாயி என்று தெரிந்த தலைமுறை வரை அதில் எழுதவேண்டும். பெயர், பிறந்த ஊர், வாழ்க்கைப்பட்ட ஊர், செய்த வேலை, பெற்ற பிள்ளைகள், பறிகொடுத்த பிள்ளைகள், கையெழுத்தா, கைநாட்டா, எல்லாமே வேண்டும். உங்கள் பாட்டிகளில் சிலர் இங்கேயே வந்திருக்கிறார்கள். சாப்பாட்டுக்குப் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அவர்களுடைய அம்மா பெயரிலிருந்து தொடங்குங்கள்.