நோக்கும் நோக்கமும்



கண் காண்கின்றது என்கின்றோம். கண் ஒளியை வாங்கித் தருகின்றது. அதனுள் எதனைப் பொருட்படுத்துவது எனத் தெரிந்தெடுப்பது மூளையே.

அமெரிக்க நாட்டின் ஆர்வார்டு பல்கலைக்கழகத்தில் சைமன்சு, சாபிரிசு என்னும் உளநூலறிஞர் இருவர் நிகழ்த்திய ஆய்வொன்று 1999ஆம் ஆண்டில் வெளிவந்தது. பந்தாடுவோர் படமொன்றைக் காட்டி, வெள்ளுடையார் எத்துணை முறை பந்தைக் கைமாற்றினர் என எண்ணுமாறு பணித்தனர். ஆட்டத்தின் இடையே கொரில்லாக் குரங்கின் தோலுடை போர்த்த ஒருவர் நடந்து சென்றார். எண்ணியோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் அவ்வுருவை அறியவே இல்லை! கண்முன் சென்றது, கருத்தில் படவில்லை.

ஏன்? மூளையின் முன்மடலும் உச்சிமடலும் ஒரு குறிக்கோளைப் பற்றுங்கால், காட்சியை ஏற்கும் பிடரிமடலை ஆள்கின்றன. வேண்டியது வலுக்கின்றது, வேண்டாதது மங்குகின்றது. ஆயினும், திடுமென ஒளிர்வதும் அசைவதும் இவ்வாட்சியை மீறிக் கருத்தை ஈர்க்கும். இடர் வருங்கால் உயிர் காக்கும் இயல்பு அது. இன்றோ, படிக்கும் பிள்ளையின் அருகே மின்னும் கைபேசி அவ்வியல்பையே கண்ணியாக்குகின்றது.

தமிழ் இவ்வேறுபாட்டைச் சொல்லிலேயே வைத்துள்ளது. கண்ணிற் படுவது காட்சி. கருத்தூன்றிப் பார்ப்பது நோக்கு. குறிக்கோளைக் குறிக்கும் நோக்கம் என்னும் சொல்லும் அவ்வேரினதே. நோக்கம் உளதேல் நோக்கு நிலைக்கும். பிள்ளையைக் கடிந்து பயனென்? கைபேசியை வேற்றறையில் வையுங்கள்; எதற்காகக் கற்கின்றோம் என்பதை அவனுக்கு உணர்த்துங்கள். நோக்கமிலா இனத்தின் கண்முன் குரங்கன்று, கொள்ளையே நடப்பினும் தெரியாது!

வெல்க தமிழ்!