இறுதி நாட்களில் துணை நிற்போர்: தரத்தை அறிவது எங்ஙனம்?

(ஊராட்சி உறுப்பினர்களுக்கான பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



குடிநீர், சாலை, தெருவிளக்கு, மண்வளம் ஆகியவை பற்றி இம்முகாமில் விரிவாக உரையாடினோம். இன்று நான் எடுத்துக்கொண்டுள்ள பொருள் சற்றே கனமானது. தீராத நோயுற்றுப் படுக்கையில் கிடப்போர்க்குப் பணிவிடை புரியும் நிலையங்களும் குழுக்களும் இன்று பல உள. அவற்றுள் நல்லது எது, அல்லது எது என நாம் எவ்வாறு தெரிந்துகொள்வது என்பதே அப்பொருள். சாவைப் பற்றிய பேச்சு அமங்கலம் என்று கருதி நாம் இதனைப் பேசாது விடுகிறோம். அவ்வாறு விடுவதால் சாவு ஊரைவிட்டு நீங்குவதில்லை. வலியோடு சாவோர் தொகைதான் பெருகுகிறது.

விதை நெல் வாங்கும் உழவர் மூட்டையின் அழகைப் பார்த்து வாங்குவதில்லை. நூறு மணிகளை எண்ணி, ஈரத்துணியில் முடிந்து வைத்து, எத்தனை முளைத்தன என்று பார்க்கிறார். எண்பதுக்குக் குறைந்தால் அது விதையன்று என்கிறார். சிமெண்டுச் சாலை போட்டால் உறுப்பினர்களாகிய நீங்கள் அதன் கனத்தை அளக்கிறீர்கள். ஆனால் பெற்ற தாயை, தந்தையைக் கடைசி நாட்களில் ஒருவர் கையில் ஒப்படைக்கும்போது நாம் என்ன அளந்து பார்க்கிறோம்? நான் எதையும் அளந்து பார்க்கவில்லை. அதனை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் செய்த பிழை

என் தந்தையார் ஓர் உழவர். நெடுநாள் புகையிலை போட்ட பழக்கத்தால் அவருக்குக் கன்னத்தில் புற்றுநோய் கண்டது. சில ஆண்டுகளுக்கு முன், இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவர் கைவிரித்தபின், நகரத்தில் இத்தகையோர்க்கென நடத்தப்பட்ட ஓர் இல்லத்தில் அவரைச் சேர்த்தேன். கட்டடம் புதியது, தரை பளபளத்தது, முன்புறம் பூந்தோட்டமும் இருந்தது. கேட்ட முன்பணத்தைக் கட்டிவிட்டு, கடமையைச் செய்துவிட்டதாக எண்ணித் திரும்பினேன்.

மூன்றாம் நாள் இரவு நான் அங்கே தங்க நேர்ந்தது. விடியும்வரை அவர் முனகிக்கொண்டே இருந்தார். பணியாளரை எழுப்பினேன். "டாக்டர் திங்கட்கிழமை வருவார் ஐயா, அதுவரையில் இந்த மாத்திரைதான்" என்றார் அவர். அது காய்ச்சலுக்குக் கொடுக்கும் மாத்திரை. அன்று வெள்ளிக்கிழமை.

காலையில் கட்டிலருகே தொங்கிய பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். பதிவேடுகளைத் தணிக்கை செய்வது என் தொழில் அன்றோ? 'நோயாளி அமைதியாக உறங்கினார்' என்று மூன்று இரவுகளுக்கும் ஒரே கையெழுத்தில், ஒரே மையில் எழுதப்பட்டிருந்தது. நான் கண்விழித்திருந்த அந்த இரவுக்கும் அவ்வாறே எழுதியிருந்தது. ஊர்களில் எத்தனையோ பொய்ப் பதிவேடுகளைக் கண்டு குறிப்பு எழுதியவன் நான். என் தந்தையாரின் பதிவேட்டைப் படிக்க மூன்று நாட்கள் பிந்திவிட்டேன்.

அவரை வீட்டிற்கே அழைத்து வந்தேன். நண்பர் ஒருவர் சொன்னதன்பேரில், வீடு தேடி வந்து பணிபுரியும் அறநிலையம் ஒன்றிற்குச் செய்தி அனுப்பினேன். மறுநாள் ஒரு மருத்துவரும் செவிலியரும் வந்தார்கள். செவிலியர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, கட்டிலருகே முக்காலியில் அமர்ந்து, "ஐயா, உங்களை மிகவும் வருத்துவது எது?" என்று தந்தையாரையே கேட்டார். வலி என்று அவர் சொல்வாரென நான் நினைத்தேன். "புண்ணின் நாற்றம், பேரப்பிள்ளை கிட்ட வரமாட்டேன் என்கிறான்" என்றார் அவர். புண்ணுக்குத் தூள் மருந்தும் வலிக்கு மார்பின் மாத்திரையும் தொடங்கின. இரண்டு நாள் கழித்து, "தம்பி, நேற்று இரவு தூங்கினேன்" என்றார். பின்னும் சில வாரங்கள் இருந்தார். திண்ணையில் சாய்ந்தபடி அவ்வாண்டின் நடவைப் பார்த்துவிட்டே போனார்.

இவ்விரண்டு இடங்களுக்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பார்த்துத்தான் இன்று உங்கள் முன் நிற்கிறேன்.

எதனை அளப்பது?

மருத்துவமனையின் தரத்தை அறிய, குணமானோர் எத்தனை பேர் என்று கேட்கிறோம். இங்கே அக்கேள்வி பயன்படாது. இங்கு வருவோர் பெரும்பாலும் குணமாகி மீள்பவர் அல்லர். ஆகவே அளவுகோல் வேறாதல் வேண்டும். 1967-ஆம் ஆண்டில் இலண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார் செவிலியராகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து பின்னர் மருத்துவரானவர். உடலின் வலி, மனத்தின் வலி, குடும்பக் கவலையின் வலி, உயிரைப் பற்றிய கேள்வியின் வலி ஆகிய நான்கும் சேர்ந்ததே நோயாளியின் முழு வலி என்று அவர் காட்டினார். நம் நாட்டில் இத்தகைய முதல் இல்லம் 1986-இல் மும்பையில் தோன்றியது. அம்முழு வலி எவ்வளவு தணிந்தது என்பதே இங்கு அளவுகோல். அதனை அறியச் சில கேள்விகள் உள.

முதற் கேள்வி வலியைப் பற்றியது. நாள்தோறும் நோயாளியிடமே வலியின் அளவைக் கேட்டு எழுதுகிறார்களா? கடும் வலிக்கு மார்பின் கொடுக்க அவர்களுக்கு அங்கீகாரமும், அதில் பயிற்சி பெற்ற மருத்துவரும் உண்டா? இங்கே உழவர்க்கு ஒரு செய்தி. மார்பின் என்பது அபினியிலிருந்து எடுக்கப்படுவது. மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு உரிமம் பெற்ற உழவர்கள் அப்பயிரைச் சாகுபடி செய்கின்றனர். நம் மண்ணில் விளைந்த மருந்து வெளிநாடுகளில் வலி தீர்த்தது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிகளால் நம் நோயாளிக்கு அது எட்டாக்கனியாயிற்று. 2014-இல் அச்சட்டம் திருத்தப்பட்டு வழி எளிதாக்கப்பட்டது. ஆகவே, சட்டம் இடங்கொடுக்கவில்லை என்று இன்று ஒரு நிலையம் சொல்லுமாயின் அது சரியான விடையாகாது.

மார்பின் கொடுத்தால் அடிமையாகிவிடுவார், விரைவில் இறந்துவிடுவார் என்று அஞ்சுவோர் பலர். மருத்துவர் அளந்து கொடுத்து, அளவைப் படிப்படியாகச் சரிசெய்து வரும்போது அவ்வாறு நேர்வதில்லை. சாதாரண மார்பின் மாத்திரையை 4 மணிக்கு ஒருமுறை, வலி வரும்வரை காத்திராமல், நேரந்தவறாது கொடுத்தல் வேண்டும். அது மலச்சிக்கலை உண்டாக்கும். ஆதலால் அதனுடன் மலமிளக்கியும் கொடுத்தல் வேண்டும். மலமிளக்கியை எழுதாது மார்பினை மட்டும் எழுதுவோர் இத்துறையில் தேர்ந்தவர் அல்லர் என்று அறிந்துகொள்ளுங்கள்.

இரண்டாம் கேள்வி இரவைப் பற்றியது. நள்ளிரவில் மூச்சுத் திணறினால் யாரை அழைப்பது? சேர்ப்பதற்கு முன்பே ஓர் இரவு அவர்கள் கொடுத்த எண்ணுக்குத் தொலைபேசியில் பேசிப் பாருங்கள். இதற்குக் காசு செலவில்லை. விதையை ஈரத்துணியில் முடிவது போன்ற சோதனை இது.

மூன்றாவது, உடற் பணிவிடை. அசைய இயலாதவரை 2 மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கிறார்களா? வாயைத் துடைத்துச் சுத்தம் செய்கிறார்களா? முதுகையும் இடுப்பையும் குதிகாலையும் பாருங்கள். பணிவிடையின் ஒழுங்கைத் தோல் காட்டிவிடும். அது பதிவேட்டைப்போலப் பொய் எழுதாது. நாற்றமுள்ள புண்ணில் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துத் தூவினால் நாற்றம் குறையும். அம்மருந்தின் விலை மிகச் சிறிது. அதனைக்கூடச் செய்யாத இடத்தில் பூந்தோட்டம் இருந்து பயனில்லை.

நான்காவது, குடும்பத்தாருக்குக் கற்பிக்கிறார்களா என்பது. வீட்டுக்கு வரும் செவிலியர் வாரத்தில் ஒரு மணி நேரமே இருப்பார். எஞ்சிய நேரமெல்லாம் மனைவியோ மருமகளோ மகனோதான் பார்த்தாக வேண்டும். புண்ணைக் கழுவுவதையும் புரட்டுவதையும் மருந்து கொடுப்பதையும் அவர்களுக்குக் காட்டி, அவர்களைக்கொண்டே செய்வித்துத் திருத்துகிறவரே நல்ல செவிலியர்.

ஐந்தாவது, நோயாளியின் விருப்பம். உண்மையை அவர் தாங்கும் அளவுக்கு அவரிடம் பேசுகிறார்களா? வீட்டில் இருக்க விரும்புகிறாரா, இல்லத்திலா, யாரைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று கேட்கிறார்களா? இறுதிக் காலத்தில் செயற்கைக் கருவிகளால் உயிரை நீட்டிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்றது. 2023-இல் அதன் நடைமுறையை எளிதாக்கி, இரு சாட்சிகளுடன் நோட்டரி அல்லது அரசிதழ் அலுவலர் முன்னிலையில் எழுதலாம் என்றது. இதனைக் குடும்பத்தார்க்கு விளக்கத் தெரிந்த நிலையமா என்று பார்த்தல் நலம்.

ஆறாவது, பணம். மாதத்திற்கு எவ்வளவு, எதற்கு எவ்வளவு என்று எழுத்தில் தருகிறார்களா? பயனில்லாத சோதனைகளுக்கு அனுப்புகிறார்களா? இறுதி மாதங்களின் செலவுக்காக நிலத்தையும் தாலிக்கொடியையும் அடகு வைத்த குடும்பங்களை நீங்களும் நானும் அறிவோம். இல்லம் நடத்துவோர் தமிழ்நாடு மருத்துவ நிலையங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றுள்ளனரா என்பதையும் கேட்க வேண்டும். கேட்டால் கோபிப்பவரிடம் ஒப்படைக்க வேண்டாம்.

ஊராட்சி செய்யத்தக்கது

ஊராட்சிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். அண்டை மாநிலமாகிய கேரளத்தைப் பாருங்கள். 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம். ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் உடன் நின்றோரும் தொடங்கிய சிறு முயற்சி, ஊர்மக்களே தொண்டராக நிற்கும் இயக்கமாய்ப் பரவியது. 2008-இல் அம்மாநிலம் நோய் ஆதரவுச் சிகிச்சைக்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. இந்தியாவில் அவ்வாறு செய்த முதல் மாநிலம் அதுவே. அங்கே பஞ்சாயத்துக்கள் பயிற்சி பெற்ற செவிலியரை அமர்த்தி வீடு வீடாக அனுப்புகின்றன.

நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நோய் ஆதரவுச் சேவையும் சேர்க்கப்பட்டது. வட்டாரந்தோறும் நோய் ஆதரவுச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீடு தேடி வருவது இத்திட்டத்தின் ஏற்பாடு. வீட்டார் விண்ணப்பம் எழுதிக் காத்திருக்கத் தேவையில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதாரச் செவிலியரிடமோ சொன்னால் போதும். ஆனால், சொல்வதற்கு ஒருவர் வேண்டுமன்றோ? அவ்வொருவர் உங்கள் வார்டு உறுப்பினராக இருக்கட்டும்.

ஆகவே நான் வேண்டுவன மூன்றே. ஒன்று: உங்கள் வார்டில் படுக்கையில் கிடப்போர் எத்தனை பேர் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி, சுகாதாரச் செவிலியரின் பட்டியலோடு மாதம் ஒருமுறை ஒப்பிடுங்கள். விடுபட்ட பெயர் ஒன்று கிடைத்தாலும் அது பெரும்பணி. இரண்டு: கிராம சுகாதாரக் குழு கூடும்போது செவிலியர் எத்தனை முறை வந்தார் என்று மட்டும் கேட்டு நிறுத்தாதீர்கள், அவர் வந்து சென்றபின் வலி குறைந்ததா என்று கேளுங்கள். மூன்று: துக்கம் நடந்த வீட்டிற்கு ஒரு மாதம் கழித்துச் செல்லுங்கள். இறப்பைப் பதிவு செய்தார்களா, உதவித்தொகைக்கு விண்ணப்பித்தார்களா என்று விசாரியுங்கள். கடைசி வாரத்தில் அவர் உறங்கினாரா, அழைத்தபோது வந்தார்களா, உங்களை மதித்துப் பேசினார்களா என்று கேளுங்கள். அங்கே கிடைக்கும் விடையே ஒரு நிலையத்தின் உண்மையான தரச்சான்று. அதனைப் பழிக்காகவன்றித் திருத்தத்திற்காகவே பயன்படுத்துங்கள். நன்றாகச் செய்தவரின் பெயரைக் கிராம சபையில் சொல்லிப் பாராட்டவும் தவறாதீர்கள். இரவில் கண்விழித்துப் பிறர் புண்ணைக் கழுவுவோர்க்கு நாம் தரும் ஊதியம் பெரிதன்று.

பிறந்த பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று ஊரே விசாரிக்கும் காலம் வந்துவிட்டது. அதற்கு ஒரு தலைமுறை உழைத்தோம். கிடையில் விழுந்த முதியவர் நேற்றிரவு தூங்கினாரா என்று ஊர் விசாரிக்கும் காலமும் வரவேண்டும். அதற்கு நாளை காலையே உங்கள் தெருவில் ஒரு கதவைத் தட்டுங்கள்; உள்ளே சென்று, கட்டிலருகே அமர்ந்து, முதலில் அவரையே கேளுங்கள்.