நுண்கலைப் பட்டமும் ஒற்றி நிலமும்

(கமக்காரரும் உத்தியோகத்தரும் திரண்டிருந்த பெற்றோர் கூட்டமொன்றிற் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



நுண்கலைப் பட்டம் பெற்றவர் அதற்காகப் பட்ட கடனை அடைக்குமளவு உழைக்க முடியுமா என்ற கேள்விக்கு விடை கூறுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். சங்கீத வித்துவானை அழைக்காது சட்டத்தரணியை அழைத்தது ஏன் என்று முதலில் வியந்தேன். பின்னர் விளங்கியது. இக்கேள்வி கச்சேரி மேடையிற் பிறப்பதன்று. நொத்தாரிசின் மேசையிலே உறுதி எழுதும்போது பிறப்பது.

இந்நாட்டில் 1945 ஆம் ஆண்டு தொடங்கி இலவசக் கல்வி நடைமுறையில் உள்ளது. 1960 இல் மருதனார்மடத்தில் இராமநாதன் பெயரால் எழுந்த இசைக் கல்லூரி 1975 இல் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. மட்டக்களப்பிலே சுவாமி விபுலாநந்தர் பெயர் தாங்கிய அழகியற் கற்கைகள் நிறுவகம் கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. தகுதி பெற்று இவற்றுட் புகும் நம் பிள்ளையிடம் பட்டப்படிப்புக்குக் கட்டணம் கேட்பாரில்லை.

அவ்வாறாயின் கடன் எங்கிருந்து வருகிறது? நான்காண்டு அறை வாடகை, சாப்பாடு, பஸ் செலவு. வீணை வாங்க ஒரு தொகை. நடன உடைக்கும் ஆபரணத்துக்கும் ஒரு தொகை. பக்கவாத்தியக்காரருக்கு ஒரு தொகை. பல்கலைக்கழகம் புகுமுன்பே குருவிடம் பல ஆண்டுப் பயிற்சிக்குச் செலவிட்டிருப்போம். அரங்கேற்றமும் நடத்தியிருந்தால் அச்செலவு வேறு. 2025 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் மகாபொல உதவித்தொகை மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. நல்லதே. ஆயினும் அத்தொகை அறை வாடகைக்கும் பஸ்ஸுக்கும் போக, வீணைக்கு மிஞ்சாது.

என்னிடம் வந்த ஒரு கமக்காரரின் கதையைக் கூறுகிறேன். மகளின் நடனப் படிப்புக்காக நான்கு பரப்புச் செம்மண் நிலத்தை ஐந்து இலட்சம் ரூபாவுக்கு ஒற்றி வைத்தார். ஒற்றிக்கு வட்டி இல்லையென்று ஆறுதல் கொண்டார். தேசவழமை அறிந்தவர்க்கு உண்மை தெரியும்: ஒற்றியில் நிலம் கடன் கொடுத்தவர் கைக்குப் போகிறது, அதன் விளைச்சலே வட்டி. ஆண்டுதோறும் வெங்காயம் விளைந்தது. விற்ற பணம் மற்றவர் மடிக்குப் போயிற்று.

மகள் 2017 இல் நல்ல சித்தியோடு பட்டம் பெற்றாள். மூன்றாண்டு காத்திருந்தாள். 2020 இல் வேலையற்ற பட்டதாரிகள் 50,000 பேரை அரசு பயிலுநராகச் சேர்த்தபோது அவளுக்கும் இடம் கிடைத்தது. பயிற்சிக் கொடுப்பனவு மாதம் 20,000 ரூபா. பணி, ஒரு செயலகத்திற் கோப்புப் பார்ப்பது. அதில் பாதியை மிச்சம் பிடித்தாலும் ஐந்து இலட்சம் சேர ஐம்பது மாதம் வேண்டும். "தம்பி, பிள்ளை ஆடப் படித்தது, நிலம் அந்நியன் கையில் கிடக்கிறது. நான் செய்தது பிழையோ?" என்று அந்தப் பெரியவர் கேட்டார்.

பிழை படிப்பில் இல்லை. அவர் பட்ட கடனின் வகையிலே இருந்தது.

நம் உறவினர் பலர் குடியேறியுள்ள இங்கிலாந்தைப் பாருங்கள். அங்கே பல்கலைக்கழக ஆண்டுக் கட்டணத்தின் உச்சவரம்பு 2012 இல் 9,000 பவுண் ஆயிற்று. மாணவர் மலைபோற் கடன் படுகின்றனர். கலைத்துறைப் பட்டத்தாற் பலர்க்குக் கிடைக்கும் பண இலாபம் மிகச் சொற்பமென்று 2020 இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. ஆனால் 2023 ஓகஸ்டு முதலாகப் படிக்கத் தொடங்கியோருக்கு வகுத்த விதி யாது? ஆண்டு வருமானம் 25,000 பவுணைத் தாண்டினாற்றான், தாண்டிய தொகையில் நூற்றுக்கு ஒன்பது வீதம் அறவிடுவர். நாற்பதாண்டின் பின் மிகுதியைத் தள்ளிவிடுவர். அங்கே கடன், உழைப்பு வரும்வரை காத்து நிற்கிறது. நம்முடைய ஒற்றி யாருக்கும் காத்து நிற்பதில்லை. மீட்க முடியாதபோது ஒருநாள் நிலமே கைவிட்டுப் போகவும் கூடும்.

இனி வருமானப் பக்கத்தை நோக்குவோம். நம் நுண்கலைப் பட்டதாரிக்குப் பெரிய வேலைகொள்வோர் ஒருவரே. அது அரச பாடசாலை. பாடசாலையில் சங்கீதமும் நடனமும் பாடங்களாயிருந்தும், நியமனம் வருமட்டும் ஆண்டுகள் கழிகின்றன. 1987 இன் பதின்மூன்றாம் திருத்தம் கல்வியின் பெரும்பகுதியை மாகாணத்துக்கு அளித்தது. ஆனால் வடமாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தபின், தேர்தலின்றி, ஆளுநரே ஆண்ட ஆண்டுகள் பல. எத்தனை இசை ஆசிரியர் வேண்டுமென்று கேட்பதற்கு நம்மாற் தெரிவானவர் எவரும் அங்கு இருக்கவில்லை. அதிகாரப் பகிர்வு மேடைப் பேச்சு மட்டுமன்று. உங்கள் மகளின் நியமனக் கடிதமும் அதனுள் அடங்கும்.

அரசைக் குறைகூறி நாம் தப்பிவிடவும் முடியாது. இணுவிலும் அளவெட்டியும் நாதசுரத்தாலும் தவிலாலும் புகழ்பெற்றவை. தவில் மேதை தட்சணாமூர்த்தி பல்கலைக்கழகம் வழியாக வந்தவரல்லர்; கோயில் திருவிழாக்களே அக்கலைஞர்க்குச் சோறிட்டன. இன்று திருவிழாவில் மின் அலங்காரத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் பேசிய கூலியைக் குறையாது கொடுக்கிறோம். பாடவந்த நம்மூர்ப் பட்டதாரிக்கோ பொன்னாடை போர்த்தி, கைகூப்பி அனுப்புகிறோம். பொன்னாடையைக் கொண்டுபோய் ஒற்றியை மீட்க முடியுமா?

ஆகவே பெற்றோருக்கு நான் கூறுவன மூன்று. முதலாவது, விளையும் நிலத்தைப் படிப்புக்கென ஒற்றி வைக்காதீர்கள். உடையும் வாத்தியமும் இரவல் வாங்கலாம், அரங்கேற்றத்தைச் சுருக்கலாம். இரண்டாவது, கணக்கெழுதும்போது நான்காண்டை மட்டும் எழுதாது, வேலைக்குக் காத்திருக்கும் ஆண்டுகளையும் சேர்த்தெழுதுங்கள். மூன்றாவது, பட்டத்தோடு கூடவே வேறொரு தொழிலறிவையும் பிள்ளை பெறட்டும். அதனாற் கலை குறைந்துவிடாது.

ஊருக்குக் கூறுவது ஒன்று. ஒவ்வொரு கோயிற் சபையும் சனசமூக நிலையமும் கலைஞர் ஊதியத்தைத் தன் வரவு செலவில் முதற் செலவாக எழுதட்டும். அரசிடம் நாம் கேட்க வேண்டியதும் ஒன்றுண்டு. வறிய மாணவர்க்கு வாழ்க்கைச் செலவுக்கான கடன் கொடுங்கள். உழைக்கத் தொடங்கிய பின்னர், உழைப்பின் அளவுக்கு ஏற்ப அதை அறவிடுங்கள்.

அந்தப் பெரியவரின் மகள் இப்போது மாலையில் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆடல் கற்பிக்கிறாள். நிலத்தில் இரண்டு பரப்பு மீண்டுவிட்டது. மற்ற இரண்டுக்கும் இன்னும் பணம் சேர்க்கிறார்கள். அந்த இரண்டு பரப்பையும் மனத்திற் கொண்டு, இன்றிரவு உங்கள் வீட்டுக் கணக்கை எழுதுங்கள்.